எண்ணுக்குள் வராத வாசகர்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



காலை முதல் கவிதையின் நயங்களைக் கேட்டு மகிழ்ந்திருக்கும் உங்கள் முன் கணக்கைப் பற்றிப் பேச எழுந்திருக்கிறேன். பல ஆண்டுகள் புள்ளியியல் பயிற்றுவித்தவன் என்பதால் செயலாளர் அவர்கள் இப்பொருளை எனக்கு ஒதுக்கினார்கள். ஒதுக்கியதற்குக் காரணமும் உண்டு. நம் திங்களிதழ் இப்பொழுது இணையதளத்திலும் வெளிவருகிறது. அத்தளத்தின் வருகைக் கணக்கில் குறைந்த எண் காட்டும் பகுதிகளை ஆண்டிறுதியில் நிறுத்திவிடலாம் என்றொரு தீர்மானம் செயற்குழுவின் முன் இருக்கிறது. மரபுக் கவிதைப் பகுதியும் மொழிபெயர்ப்புக் கவிதைப் பகுதியும் அப்பட்டியலில் உள்ளன. ஆகவே, ஒரு பக்கத்தை எத்தனை பேர் படிக்கின்றனர் என்னும் எண் எங்கிருந்து பிறக்கிறது, குக்கியை ஏற்க மறுத்தும் ஸ்கிரிப்டை இயங்கவிடாமல் நிறுத்தியும் வருகின்ற வாசகர் அந்த எண்ணில் இருக்கின்றாரா, இல்லையெனில் அவரை எவ்வாறு மதிப்பிடுவது என்பனவே இன்று நான் பேச எடுத்துக்கொண்டவை.

அச்சுலகில் இந்தக் குழப்பம் இருந்ததில்லை. ஆயிரம் படிகள் அச்சிட்டோம், இத்தனை விற்றன என்பதுவரை பதிப்பாளர்க்குத் தெரியும். படித்தவர் எத்தனை பேர் என்பது அவர்க்குத் தெரியாது, தெரியும் என்று அவர் சொல்லிக்கொண்டதும் இல்லை. 1948ஆம் ஆண்டு நம் நாட்டில் தொடங்கப்பெற்ற ஏ.பி.சி. என்னும் தணிக்கை அமைப்பு, இதழ்களின் விற்பனைப் படிகளைத்தான் தணிக்கை செய்து சான்றளிக்கிறது. வாசகர் தொகையை அறிய வேண்டுமாயின் வீடுவீடாகச் சென்று கேட்டறியும் ஆய்வுகளைத் தனியே நடத்தினார்கள். தேநீர்க் கடைப் பலகையில் கிடக்கும் ஒரே நாளிதழை முப்பது பேர் படிப்பதும், வீட்டுக்கு வந்த நாளிதழ் மடிப்புக் கலையாமல் பழைய தாள் கடைக்குப் போவதும் எல்லாரும் அறிந்ததே. விற்பனை வேறு, வாசிப்பு வேறு என்பதில் யார்க்கும் ஐயமில்லை. இணையத்தில் மட்டும், திரையில் ஓர் எண் தோன்றியவுடன் அதுவே வாசகர் தொகை என்று நம்பிவிடுகிறோம்.

அந்த எண் உருவாகும் விதத்தைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

வாசகர் ஒருவர் தம் கைப்பேசியில் ஒரு கவிதையின் தலைப்பைத் தொடுகிறார். அவருடைய உலாவி, கவிதை சேமித்து வைக்கப்பட்டுள்ள வழங்கிக் கணிப்பொறிக்கு ஒரு வேண்டுகோளை அனுப்புகிறது. வழங்கி பக்கத்தை அனுப்பிவிட்டுத் தன் பதிவேட்டில் ஒரு வரி எழுதிக்கொள்கிறது. கேட்டவரின் ஐ.பி. முகவரி, நாளும் நேரமும், கேட்ட பக்கத்தின் பெயர், கொடுக்கப்பட்டதா இல்லையா என்பதைக் குறிக்கும் ஓர் எண், அனுப்பிய பைட்டுகளின் அளவு ஆகியவை அவ்வரியில் இருக்கும். பெரும்பாலும் உலாவியின் பெயரும், எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்பதும் உடன் இருக்கும். குக்கி வேண்டியதில்லை, ஸ்கிரிப்ட் வேண்டியதில்லை. வந்து கேட்டாலே வரி விழுந்துவிடும். 1989இல் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ முன்மொழிந்த வலையமைப்பின் இயல்பு அது. ஒவ்வொரு வேண்டுகோளும் தனித்து நிற்கும். முன்பு வந்தவர்தாம் இவர் என்ற நினைவு வழங்கிக்குக் கிடையாது.

அப்படியானால் அந்த வரிகளை எண்ணிவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. கல்லூரி விடுதி ஒன்றில் இருநூறு மாணவர்கள் இருந்தாலும் வெளியுலகுக்கு அவர்கள் அனைவரும் ஒரே முகவரியாகத் தோன்றலாம். கைப்பேசி நிறுவனங்கள் எண்ணற்ற வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரியின் பின்னே நிறுத்துகின்றன. மறுபக்கம், ஒரே வாசகர் காலையில் வீட்டிலும், வழியில் பேருந்திலும், பின்னர் அலுவலகத்திலும் படித்தால் மூன்று முகவரிகளாக நிற்பார். ஒருமுறை இறங்கிய பக்கத்தை உலாவி தன்னிடமே சேமித்து வைத்துக்கொண்டு மறுமுறை அங்கிருந்தே காட்டிவிடக்கூடும். அந்த மறுவாசிப்பு வழங்கிக்குத் தெரியாது. பிடித்த கவிதையைப் பத்து முறை படிப்பவர் இங்கே ஒருமுறை படித்தவராகவே நிற்கிறார் என்பது கவிஞர்களுக்குச் சற்று வருத்தம் தரும் செய்திதான். இவற்றுக்கெல்லாம் மேலாக, மனிதரே அல்லாத வருகைகள் உண்டு. தேடுபொறிகளும் வேறு பல தானியங்கி நிரல்களும் இரவும் பகலும் பக்கங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டே இருக்கின்றன. தம்மை இன்னார் என்று அறிவித்துக்கொண்டு வருவனவும் உண்டு. மனிதர் பயன்படுத்தும் உலாவியின் பெயரைச் சூடிக்கொண்டு வருவனவும் உண்டு.

இதை முதலிலேயே தெளிவாக உணர்ந்தவர்களுள் ஸ்டீபன் டர்னர் ஒருவர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இருந்த அவர் 1995ஆம் ஆண்டு 'அனலாக்' என்ற நிரலை எழுதி வெளியிட்டார். வழங்கியின் பதிவேட்டைப் படித்து வேண்டுகோள்கள் எத்தனை, வேறுபட்ட முகவரிகள் எத்தனை என்று அது கணக்குத் தரும். வருகையாளர் எத்தனை பேர் என்று மட்டும் சொல்லாது. பதிவேட்டில் இல்லாததை நிரல் எப்படிச் சொல்லும் என்பது அவர் நிலை. வணிக நிரல்கள் பலவும் தயக்கமின்றி வருகையாளர் தொகையை அச்சிட்டுக் கொடுத்த காலத்தில் அவர் அந்த நிலையை விடாமல் காத்தார். என் துறையில் அதை நேர்மை என்போம்.

நினைவில்லாத வழங்கிக்கு நினைவைக் கொடுக்க வந்ததுதான் குக்கி. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மாண்டுல்லி இதனை வகுத்தார். தின்பண்டத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பில்லை. யுனிக்ஸ் உலகில் முன்பே வழங்கிய 'மேஜிக் குக்கி' என்ற தொடரிலிருந்து பெயர் வந்தது. கோயில் வாசலில் காலணி காப்பவர் எண் பொறித்த வில்லை ஒன்றைக் கொடுப்பார் அல்லவா? அதைப் போன்றதே இது. வழங்கி ஒரு சிறு எண்ணை வாசகரின் உலாவியிடம் கொடுத்து வைக்கிறது. மறுமுறை வரும்போது உலாவி அதனைக் காட்டுகிறது. முன்பு வந்தவரே என்று வழங்கி அறிந்துகொள்கிறது. வில்லையை வாங்க மறுப்பவரும், வாங்கி வெளியே எறிந்துவிடுபவரும் ஒவ்வொரு முறையும் புதியவரே.

அடுத்து வந்தது ஸ்கிரிப்ட். 1995இல் அதே நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாள்களில் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் முதல் வடிவை உருவாக்கினார். பக்கத்தோடு அனுப்பப்படும் இச்சிறு நிரல் வாசகரின் கருவியிலேயே இயங்கும். எண்ணும் பணி இதனால் வழங்கியின் பதிவேட்டிலிருந்து வாசகரின் கைக்கே இடம்பெயர்ந்தது. பக்கம் திறந்தவுடன் ஸ்கிரிப்ட் விழித்து, குக்கியைப் பார்த்து, வேறோரிடத்தில் உள்ள கணக்கு நிலையத்துக்குச் செய்தி அனுப்பும். கூகுள் நிறுவனம் 2005ஆம் ஆண்டு அர்ச்சின் என்ற நிறுவனத்தை வாங்கி, அவ்வாண்டு நவம்பரில் 'கூகுள் அனலிட்டிக்ஸ்' சேவையை இலவசமாக வழங்கத் தொடங்கியது. அதன்பின் சிறு தளங்களும் பதிவேட்டைப் புரட்டுவதை விட்டுவிட்டு இவ்வகை எண்ணிகளையே நம்பின. பெரும்பாலான தானியங்கிகள் ஸ்கிரிப்டை இயக்குவதில்லை என்பதால் அவற்றின் இரைச்சல் இங்கே குறைவு. அந்த அளவில் இது நல்ல முறைதான். ஸ்கிரிப்ட் இயங்காத இடத்தில் இருக்கும் மனிதரையும் சேர்த்து விட்டுவிடுகிறது என்பதே இதன் குறை.

எண்ணியின் கண் மூடிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி போதும். மின்னணுத் தகவல் தொடர்பில் தனிமறைவு பற்றிய திருத்த விதிகள் 2011 மே 26ஆம் நாள் அந்நாட்டில் நடைமுறைக்கு வந்தன. வாசகரின் இசைவு இல்லாமல் அவர் கருவியில் இத்தகைய குக்கிகளை வைக்கலாகாது என்பது அப்போதைய விதி. அதனை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு தகவல் ஆணையர் அலுவலகத்துக்கு உரியதாக இருந்தது. ஊருக்கு உபதேசம் செய்துவிட்டுத் தாம் விலகி நிற்காமல், அவ்வலுவலகத்தார் தம் தளத்திலேயே இசைவு கேட்கும் பெட்டியை வைத்தனர். அதற்குப்பின் அத்தளத்தின் வருகைக் கணக்கு ஏறத்தாழ 90 விழுக்காடு வீழ்ந்தது. தகவல் அறியும் உரிமை வழியாக அந்த விவரம் வெளிவந்தபோது பலரும் வியந்தனர். வியக்க ஒன்றுமில்லை. வாசகர் வராமல் போகவில்லை. 'எண்ணிக்கொள்ளுங்கள்' என்று அவர்கள் சொல்லவில்லை, அவ்வளவே. ஆனால் அந்த வரைபடத்தை மட்டும் ஒரு செயற்குழுவின் முன் வைத்திருந்தால், பத்தில் ஒன்பது பங்கு வாசகரை இழந்துவிட்ட தளமென்று அதை மூடவும் தீர்மானம் போட்டிருப்பார்கள்.

இங்கே நுட்பமான ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். ஸ்கிரிப்டை நிறுத்துவதும் குக்கியை மறுப்பதும் ஒரே விளைவைத் தருவன அல்ல. ஸ்கிரிப்ட் இயங்காவிட்டால் வாசகர் மறைகிறார், தொகை குறைகிறது. ஸ்கிரிப்ட் இயங்கிக் குக்கி மட்டும் இல்லாவிட்டால் அவர் வரும்போதெல்லாம் புதியவராகிறார், தொகை பெருகுகிறது. அமெரிக்காவில் காம்ஸ்கோர் என்னும் அளவீட்டு நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, கணிப்பொறிப் பயனர்களில் 31 விழுக்காட்டினர் தாம் சென்ற தளம் வைத்த குக்கிகளை ஒரு மாதத்துக்குள் அழித்துவிட்டனர். அதனால் தளங்களின் வருகையாளர் தொகை உண்மையைவிட 2.5 மடங்கு வரை மிகையாகத் தோன்றக்கூடும் என்று அந்நிறுவனம் கூறியது. இன்று வாசகர் தாமாக அழிக்கவும் வேண்டியதில்லை. ஆப்பிள் நிறுவனத்தின் சஃபாரி உலாவி, ஸ்கிரிப்ட் வழியாக வைக்கப்படும் குக்கிகளின் ஆயுளை 2019இல் ஏழு நாள்களாகக் குறைத்துவிட்டது. நம்முடையது திங்களிதழ். திங்கள்தோறும் முதல் நாளன்று தவறாமல் வந்து படித்துச் செல்லும் ஒருவர் அந்த உலாவியைப் பயன்படுத்துவாராயின், பத்தாண்டுக் காலம் படித்தாலும் நம் கணக்கில் அவர் ஒவ்வொரு திங்களும் புது வாசகரே. புது வாசகர் பெருகுகின்றனர், பழைய வாசகர் தங்கவில்லை என்று கணக்கு சொல்லும்; நாமும் அதை நம்பிக் கவலைப்படுவோம். ஒன்று குறைக்கிறது, மற்றொன்று கூட்டுகிறது, ஆகவே இரண்டும் சமமாகிவிடும் என்று ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. அவ்விரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்ய வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

எனவே அளந்துதான் பார்க்க வேண்டும். அளப்பதற்கு நல்ல முன்மாதிரி ஒன்றும் இங்கிலாந்திலிருந்தே கிடைக்கிறது.

2013ஆம் ஆண்டு அந்நாட்டு அரசின் டிஜிட்டல் சேவைப் பிரிவினர், தங்கள் பொதுத் தளமான கவ்.யுகே-க்கு வருவோரில் எத்தனை பேர்க்கு ஸ்கிரிப்ட் சென்று சேரவில்லை என்று அறிய முற்பட்டனர். அவர்கள் கையாண்ட வழி மிக எளிது. கண்ணுக்குத் தெரியாத மூன்று சிறு படங்களைப் பக்கத்தில் வைத்தனர். முதற்படத்தை எல்லா உலாவிகளும் கேட்கும். இரண்டாவதை ஸ்கிரிப்ட் இயங்கினால் மட்டுமே உலாவி கேட்கும். மூன்றாவதை ஸ்கிரிப்ட் நிறுத்தப்பட்டிருந்தால் மட்டுமே கேட்கும். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வருகைகளில் எந்தப் படம் எத்தனை முறை கேட்கப்பட்டது என்று எண்ணினார்கள். வந்தவர்களில் 1.1 விழுக்காட்டினர்க்கு ஸ்கிரிப்ட் கிடைக்கவில்லை என்று தெரிந்தது. அத்துடன் நின்றிருந்தால் அது வெறும் எண். அந்த 1.1இல், ஸ்கிரிப்டை நிறுத்தி வைத்தவர்களும் அதற்கு வசதியில்லாத உலாவி வைத்திருந்தவர்களும் சேர்ந்து 0.2 விழுக்காடுதான். மீதி 0.9 விழுக்காட்டினரின் உலாவிகளில் ஸ்கிரிப்ட் இயங்கியிருக்க வேண்டும், ஆனால் இயங்கவில்லை. அலுவலக வலைப்பின்னலின் தடுப்புச் சுவர், உலாவியில் சேர்த்த துணைநிரல்கள், வழியில் அறுந்த இணைப்பு, பக்கம் முழுதும் வந்து சேருமுன் வேறு பக்கத்துக்குப் போய்விடுதல் எனக் காரணங்கள் பலவாக இருக்கலாம்.

இந்த ஆய்வை நான் பெரிதும் மதிப்பதற்குக் காரணம், மூன்றாவது படத்தோடு அவர்கள் நின்றுவிடாமல் முதற்படத்தையும் வைத்ததுதான். மறுத்தவரை மட்டும் எண்ணியிருந்தால் 0.2 என்ற விடையோடு மனநிறைவு கொண்டிருப்பார்கள். எல்லார்க்கும் பொதுவான முதற்படம் இருந்ததால்தான், மறுக்காமலே விடுபட்டுப் போனவர்கள் மறுத்தவர்களைவிட நான்கு மடங்குக்கும் மேல் என்பது வெளிப்பட்டது. கணக்கில் வராதவர் எல்லாரும் ஒளிந்துகொண்டவர் என்று நினைப்பது எவ்வளவு பிழை! மலைச் சரிவில் ஒற்றைக் கோடு அலைவரிசையில் கவிதை படிப்பவரும் அங்கேதான் இருக்கிறார்.

ஆனால் 1.1 என்ற எண்ணைத் தூக்கிவந்து நம் தளத்தில் வைத்துவிடலாகாது. 2010இல் யாகூ நிறுவனத்தார் அளந்தபோது, ஸ்கிரிப்ட் நிறுத்தப்பட்ட வருகைகள் அமெரிக்காவில் ஏறத்தாழ 2 விழுக்காடாகவும் பிரேசிலில் 0.25 விழுக்காடாகவும் இருந்தன. நாட்டுக்கு நாடே எட்டு மடங்கு வேறுபாடு. மேலும் அவ்விரு ஆய்வுகளும் ஸ்கிரிப்ட் என்ற ஒன்று இயங்குகிறதா என்றே பார்த்தன. ஸ்கிரிப்டைப் பொதுவாக இயங்கவிட்டு, வருகை எண்ணும் ஸ்கிரிப்டை மட்டும் பெயர் பார்த்துத் தடுக்கும் துணைநிரல்கள் பல உலாவிகளில் இருக்கின்றன. அத்தகைய வாசகர்கள் மேற்சொன்ன எண்ணில் அடங்கார். ஆகவே நம் வாசகர்க்கு நம் அளவுகோல்தான் வேண்டும்.

பார்க்காதவற்றை எண்ணும் கலை பழையது. பிரெஞ்சுக் கணித மேதை லாப்லாஸ், மக்கள்தொகை முழுவதையும் எண்ணாமலே பிரான்சின் மக்கள்தொகையை மதிப்பிட்டார். தேர்ந்தெடுத்த சில பகுதிகளில் மட்டும் 1802இல் ஆட்களை எண்ணச் செய்து, அங்குள்ள பிறப்புப் பதிவோடு ஒப்பிட்டார். ஆண்டுக்கு ஒரு பிறப்புக்கு ஏறத்தாழ 28 பேர் என்ற விகிதம் கிடைத்தது. நாடு முழுவதன் பிறப்புத் தொகையை அந்த விகிதத்தால் பெருக்கினால் மக்கள்தொகை கிடைக்கும். டென்மார்க்கின் மீன்வள அறிஞர் பீட்டர்சன் 1890களில் கடல்மீன்களுக்கு அடையாளம் இட்டு விட்டார். அமெரிக்காவின் லிங்கன் 1930இல் வாத்துகளுக்குக் காலில் வளையம் இட்ட கணக்கைக் கொண்டு அவற்றின் தொகையை மதிப்பிட்டார். ஒரு வலையில் சிக்கியவை எத்தனை, மறுவலையில் சிக்கியவை எத்தனை, இரண்டிலும் சிக்கியவை எத்தனை என்று தெரிந்தால், இரண்டிலும் சிக்காதவை எத்தனை என்று கணக்கிடலாம் என்பதே அம்முறையின் சாரம்.

நம் தளத்துக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். இனி நான் சொல்லும் எண்கள் விளக்கத்துக்காகக் கற்பித்தவை. கவிதைப் பக்கம் ஒன்று திறக்கப்படும் ஒவ்வொரு முறையும் வழங்கி ஒரு தற்காலிக எண்ணை அதில் பொதிந்து அனுப்பட்டும். அந்த எண் ஆளுக்கு உரியதன்று. அந்த ஒரு திறப்புக்கு மட்டும் உரியது. எண்ணும் ஸ்கிரிப்ட் தன் செய்தியில் அதைச் சொல்லட்டும். பக்கத்தின் அடியில் நாம் வைக்கும் சிறு படமும் கேட்கப்படும்போது அதைச் சொல்லட்டும். இவையே நம் இரு வலைகள். ஒரு மாதத்தில் ஸ்கிரிப்டில் 700 திறப்புகளும் படத்தில் 800 திறப்புகளும் பதிவாயின என்று கொள்வோம். தற்காலிக எண்களை ஒப்பிட, 640 திறப்புகள் இரண்டிலும் உள்ளன. 700ஐயும் 800ஐயும் பெருக்கி 640ஆல் வகுத்தால் 875 வருகிறது. கண்ணில் பட்டவை 700, 800 இரண்டையும் கூட்டி, பொதுவான 640ஐக் கழித்து, 860. ஆகவே எந்த வலையிலும் சிக்காதவை ஏறத்தாழ 15. எண்ணி காட்டிய 700ஐ மட்டும் நம்பியிருந்தால் ஐந்தில் ஒரு பங்கு வாசிப்பை நாம் இழந்திருப்போம்.

என் மாணவர்களிடம் இவ்விடத்தில் நான் வழக்கமாக நிறுத்திக் கேட்பேன்: இந்த 875ஐ நம்பலாமா? இந்தச் சூத்திரம் இரு வலைகளும் ஒன்றையொன்று சாராமல் இருக்க வேண்டும் என்று கேட்கிறது. நம் வலைகள் அப்படியல்ல. ஸ்கிரிப்டைத் தடுக்கும் துணைநிரல் கண்ணுக்குத் தெரியாத படத்தையும் தடுக்க வாய்ப்பு மிகுதி. ஒன்றில் தப்பியவர் மற்றொன்றிலும் தப்புவாராயின், கணக்கு உண்மைக்குக் கீழேதான் நிற்கும். எனவே 875 என்பதைக் கீழெல்லையாகக் கொள்வதே முறை. மேலெல்லைக்கு வழங்கியின் பதிவேட்டுக்குப் போக வேண்டும். அதில் தம்மை அறிவித்துக்கொண்ட தானியங்கிகளை நீக்கி, ஒரே நொடியில் பல பக்கங்களைக் கேட்டவற்றை நீக்கி, எஞ்சியது 1,100 என்று வைத்துக்கொள்வோம். மனித வாசிப்பு 875க்கும் 1,100க்கும் இடையே எங்கோ இருக்கிறது. உலாவி தன்னிடமே சேமித்து வைத்துக் காட்டிய மறுவாசிப்புகள் இதற்கு வெளியே. இப்படி இரண்டு எண்களுக்கு நடுவே விடை சொல்வது உறுதியின்மை போலத் தோன்றும். 700 என்று ஒரே எண்ணாகச் சொல்வதுதான் உண்மையில் உறுதியற்றது.

இன்னொன்றும் நம் தீர்மானத்தோடு நேரே தொடர்புடையது. ஒரு பகுதியில் கிடைத்த விகிதத்தைப் பிற பகுதிகளுக்கும் பொருத்தலாகாது. கணிப்பொறித் துறையில் இருக்கும் இளைஞர்களே தடுப்பு நிரல்களை மிகுதியாகப் பயன்படுத்துவோர் என்று கொண்டால், அவர்கள் விரும்பிப் படிக்கும் பகுதியே எண்ணியில் மிகுதியாகக் குறைந்து தெரியும். நம்மிடம் மொழிபெயர்ப்புக் கவிதைகளைப் படித்துவிட்டுக் கடிதம் எழுதுவோர் யார் என்று செயலாளர் அவர்களைக் கேட்டால் என் ஐயம் புரியும். எண்ணியில் கடைசியாக நிற்கும் பகுதி வாசகர் தொகையிலும் கடைசிதானா என்பதைப் பகுதிதோறும் அளந்தாலொழியச் சொல்ல முடியாது.

இனி, சொல்லியே தீர வேண்டிய ஓர் எச்சரிக்கை. மறுத்தவரையும் விடாமல் அடையாளம் காண வழி இருக்கிறது. உலாவியின் வகை, திரையின் அளவு, நிறுவப்பட்ட எழுத்துருக்கள், நேர மண்டலம் போன்ற சிறு சிறு குறிப்புகளைச் சேர்த்தால் அது கைரேகை போல ஆகிவிடும். எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்னும் அமைப்பு 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஆராயப்பட்ட 4,70,161 உலாவிகளில் 83.6 விழுக்காடு மற்றெதனோடும் ஒவ்வாத தனி ரேகை உடையனவாக இருந்தன. இவற்றுட் பல குறிப்புகளை ஸ்கிரிப்ட் கொண்டே எடுக்க வேண்டும். குக்கியை மட்டும் மறுத்தவர் எளிதில் பிடிபடுவார். ஸ்கிரிப்டையும் நிறுத்தியவர் ஓரளவு தப்புவார். இவ்வழியைச் சில நண்பர்கள் எனக்குப் பரிந்துரைத்தனர். நான் ஏற்கவில்லை. வில்லை வேண்டாம் என்று சொன்னவரின் காலடித் தடத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்வது போன்றது அது. கவிதை படிக்க வந்தவர், தாம் எந்தக் கவிதையை எத்தனை முறை படித்தோம் என்று பிறர் அறிய வேண்டாம் என நினைக்கலாம். துயரில் இருக்கும் ஒருவர் இரவு இரண்டு மணிக்கு ஓர் இரங்கற்பாவைத் திரும்பத் திரும்பப் படிப்பது அவருக்குரிய செய்தி.

நமக்கு வேண்டியது தொகை. தொகையை அறிய ஆளை அறிய வேண்டிய தேவை இல்லை என்பதைத்தான் இதுவரை காட்ட முயன்றேன். குக்கி இல்லாமலே ஒரு நாளைய வருகையாளரைக் கணக்கிடும் முறையும் இன்று வழக்கில் இருக்கிறது. ஐ.பி. முகவரியையும் உலாவியின் பெயரையும் அன்றைக்கென்று உருவாக்கிய ஒரு மறையெண்ணோடு சேர்த்து, திரும்பப் பிரிக்க இயலாத ஒரு குறியீடாக மாற்றுகிறார்கள். மறையெண்ணை மறுநாள் அழித்துவிடுகிறார்கள். ஒரே நாளில் இருமுறை வந்தவர், அவர் முகவரி மாறாதவரை, ஒருவராகவே எண்ணப்படுவார். மறுநாள் வந்தால் யாரென்று யார்க்கும் தெரியாது. முப்பது நாள்களின் தொகையைக் கூட்டி அதைத் திங்கள் வாசகர் தொகை என்று சொல்லக் கூடாது. நாள்தோறும் வருபவர் முப்பது பேராகிவிடுவார். திங்கள் தொகை என்ற ஒன்றை இம்முறையில் பெற முடியாது. பெறாமல் இருப்போமே! நாள் சராசரி நமக்குப் போதும்.

செயற்குழுவுக்கு என் வேண்டுகோள் இதுதான். தீர்மானத்தை ஆறு திங்களுக்கு ஒத்திவையுங்கள். அந்த ஆறு திங்களில் பத்தில் ஒரு திறப்புக்கு மட்டும், மேற்சொன்ன தற்காலிக எண் முறையில், பகுதிவாரியாக அளப்போம். அப்படி அளக்கிறோம் என்பதைத் தளத்தின் முகப்பில் நல்ல தமிழில் இரண்டு வரி எழுதி வைப்போம். வழங்கியின் பதிவேட்டில் உள்ள முகவரிகளைத் திங்கள் முடிவில் அழித்துவிடுவோம். ஆறாம் திங்கள் முடிவில் மரபுக் கவிதைக்கு இவ்வளவுக்குக் குறையாமல், இவ்வளவுக்கு மிகாமல் வாசிப்பு உண்டு என்று ஓர் அறிக்கை தருகிறேன். எண்களைக் கூட்டிக் கழிக்க இளங்கவிஞர்கள் இருவர் துணைக்கு வந்தால் நலம். யாப்பில் சீரும் தளையும் எண்ணிப் பழகியவர்க்கு இது கடினமான வேலையன்று.

அந்த அறிக்கையைப் பார்த்த பின்னும் ஒரு பகுதியை நிறுத்த வேண்டுமென்று குழு முடிவு செய்தால், அது தன் சுவையை வைத்துச் செய்த முடிவாக இருக்கும். அதற்கு நான் தடை சொல்ல மாட்டேன். எண்ணியின் மீது பழியைப் போடுவதற்கு மட்டும் இடமிராது.